வாசலில் கிடக்கும் செருப்பு

கணவர் காலமாகி நான்கு வருடம். பிள்ளைகள் கனடாவில். வீட்டில் பெண் தனியே இருப்பது தெரியக்கூடாதென்று அவருடைய செருப்பை வாசலிலேயே விட்டிருக்கிறேன்.

போன வருடம் சலரோகம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளை மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"வீட்டிலை வேறை ஆர் இருக்கினம், அன்ரி?"

"அவர் உள்ளுக்குப் படுத்திருக்கிறார்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

கந்தசஷ்டி விரதத்தில் சாப்பிடாமல், சலரோகக் குளிசையை மட்டும் வழமைபோலப் போட்டேன். சீனி இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, குசினியில் அடுப்படியிலேயே விழுந்தேன். எழும்ப முடியவில்லை. பால் கொண்டுவந்த அக்காதான் சீனித்தண்ணீர் பருக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அதே பிள்ளை வந்தாள். "தனிய இருக்கிற ஆக்களுக்கு விரதத்துக்கு முன்னம் போன் எடுத்து, குளிசையைப் பற்றிச் சொன்னனாங்கள். உங்களுக்கு அங்கிள் இருக்கிறார் எண்டு விட்டிட்டம்."



இப்போது டொக்டரைக் கேட்காமல் விரதம் பிடிப்பதில்லை. செருப்பு இன்னும் வாசலில்தான். ஆனால் கிளினிக்கில் கேட்டால், "நான் தனிய" என்கிறேன். முதல்தரம் சொன்னபோது, அவர் அன்றுதான் செத்ததுபோல இருந்தது.