அப்படி யாரும் இங்க இல்லீங்க

என் மனைவியோடு பிறந்தவர்கள் இரண்டு பேர், ஓர் அண்ணன், ஓர் அக்கா. அவர்கள் இருவரும் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்கள். என் மனைவி மட்டும் அதற்குப் பிறகு இங்கே, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள்.

அந்தக் கப்பல் பயணம் சில மணி நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் சாப்பாடு முடிந்ததும் கப்பல் கதை ஆரம்பமாகிவிடும். அண்ணன் வாந்தி எடுத்தது, அக்காவின் ஒற்றைச் செருப்பு கடலில் விழுந்தது, ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் பிஸ்கட் கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் அலை கொஞ்சம் உயரமாகும். நடுவில் என் மனைவி ஏதாவது கேட்டால் அண்ணன் கையை உயர்த்துவார்.

"நீ சும்மா இரு தங்கச்சி. கப்பல் பாக்காதவளுக்கு இதெல்லாம் வெளங்காது."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபின் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்தான் விஷயம் தெரியும்.

எங்கள் மகள் சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் ஒருநாள் போன் செய்து, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்புகிற சுற்றுலாக் கப்பலில் மூன்று பேருக்கு இடம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் என் மனைவி சோற்றை வடித்துக்கொண்டே, "ஏனுங்க, அது அண்ணன் வந்த கப்பலவிடப் பெருசுங்களா?" என்று கேட்டாள். பத்து மடங்கு பெரிசு என்றேன். எனக்கும் தெரியாது. சொல்லிவிட்டேன்.

கப்பல் கிளம்ப நாற்பது நாள் இருந்தது. என்னென்ன வேண்டும் என்று மகள் போனில் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பாஸ்போர்ட் வேண்டும். அது பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கையில் இறங்குவதற்கு விசா தனியாக. என்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. முன்பு ஒரு சிநேகிதன் வளைகுடாவுக்குக் கூப்பிட்டான் என்று எடுத்தது. போகவில்லை, ஒரு முத்திரைகூட விழாத புத்தகம். எடுத்துப் பார்த்தால் இன்னும் எட்டு மாதம் பாக்கி. மனைவிக்குத்தான் புதிதாக எடுக்க வேண்டும்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். லைனில் யாருக்கும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். நான் ஃபேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறவன். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. எஸ்டேட் முழுக்கக் கப்பல் கப்பல் என்று பேசி, கடைசியில் போகாமல் போனால் எப்படித் தலைகாட்டுவது என்று பயம். "உங்களுக்கு எதுக்குத்தான் வெக்கமில்ல" என்று சொல்லிவிட்டு அவளும் ஒத்துக்கொண்டாள்.

கோயம்புத்தூர் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனோம். அப்ளிகேஷன் போட்டவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அவள் திரும்பி வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்களாம். மிஷின் எடுக்கவில்லை. முப்பது வருடமாகக் கொழுந்து பறித்த விரல். கறை ஏறி, வெடித்து, தேய்ந்துபோனது. அங்கே இருந்த பெண் ஈரத்துணியால் துடைத்தாளாம். தன் பையிலிருந்து க்ரீம் எடுத்துத் தடவினாளாம்.

"என்னங்கம்மா, விரல்ல ரேகையே இல்லியே?"

"அத்தனையும் செடியிலதான் கண்ணு இருக்கு. வேணும்னா எஸ்டேட்டுக்கு வந்து எடுத்துக்க."

நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்ததாம். இனி போலீஸ் விசாரணை மட்டும்தான், வீட்டுக்கே வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து நான் வேலை முடிந்து வரும்போது லைனே சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் வேலியோரம் ஓடி வந்தாள்.

"அண்ணா, ஒண்ணும் பயப்படாதீங்க. போலீஸ் வந்துச்சு. அக்காவத்தான் கேட்டுச்சு. சமாளிச்சு அனுப்பிப்போட்டோம்."

"என்ன சொன்னீங்க?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொன்னேன். அப்பறம் பின்வீட்டுக்குப் போனாரு. அவங்க, முன்ன இருந்தாங்க, திருப்பூருப் பக்கம் போயி ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லீட்டாங்க. கடைசி வீட்டுத் தாத்தா, செத்துப்போச்சுன்னே சொல்லியிருப்பாரு. நாந்தான் கண்ணக் காட்டித் தடுத்தேன்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தின மாதம்தான் கரடி வந்து சத்துணவுக் கூடத்துக் கதவை உடைத்திருந்தது. கூண்டு வைக்கச் சொல்லி எங்கள் லைன் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. போலீஸ் வந்து பெயர் எழுதினபோது முதல் பெயர் என் மனைவியுடையது, சத்தம் அதிகமாக வந்தது அங்கிருந்துதான் என்பதால். இப்போது காக்கிச் சட்டை வந்து அவள் பெயரைக் கேட்டால் லைன் வேறு என்ன நினைக்கும்? கேட்காமலேயே மொத்தப் பேரும் ஒரே பக்கம் நின்றுவிட்டார்கள். பாஸ்போர்ட் விஷயத்தை நான் மறைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு விசாரிக்க வந்த ஏட்டையாவுக்குக் காப்பி கிடைத்திருக்கும்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த மனைவியிடம் சொன்னேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கப்பல் போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பல் என்ற சொல் வெளியே வந்ததும் விஷயம் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி வீட்டுத் தாத்தா, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்கண்ணா? நாங்க என்ன உங்க கப்பல்ல ஓட்டையா போட்டிருப்போம்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கேட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். நாங்கள் இரண்டு பேர் போவதாகத்தான் இருந்தது. வாடகை ஜீப் வந்து நின்றபோது அதில் ஏற்கெனவே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆதார் அட்டை வைத்திருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஸ்டேஷனுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏட்டையா பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"ஏம்மா, நேத்து இல்லாத ஆளு இன்னிக்கு எப்படி எதுக்கால நிக்குது? அதுக்கு ஒம்போது சாட்சி வேற."

"நேத்துச் சொன்னது பொய்ங்க சார். இன்னிக்குச் சொல்றதுதான் நெசம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"போலீஸ்கிட்டப் பொய் சொன்னேன்னு போலீஸ் ஸ்டேஷன்லயே வந்து சொல்றியே, உன்ன என்ன பண்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அப்படி ஓர் ஆள் இல்லை என்ற அறிக்கை அப்போதே மேலே போய்விட்டதாம். கோயம்புத்தூரில் எழுதிக் கொடுத்து, மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தால் வருகிறேன் என்றார். "வர்றேன். ஆனா அப்பவாவது வீட்டுல இருக்கச் சொல்லுங்க."

மனைவி அதற்கும் லீவு எடுத்தால் கப்பலுக்கு லீவு மிஞ்சாது. அதனால் அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு நான் மட்டும் கோயம்புத்தூர் போனேன். கடிதத்தை நான்தான் எழுதினேன், மூன்று ராத்திரி யோசித்து. பேசத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிட்டேன். விசாரணைக் கவுண்டரில் இருந்த அதிகாரி கண்ணாடியை இறக்கிப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"கரடியா?"

"ஆமாங்க சார்."

"பாஸ்போர்ட் கடிதத்துல கரடி எங்கிருந்து வந்துச்சு?"

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது. வாசற்படியில் அவள் உட்கார்ந்த விதம் நினைவுக்கு வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். கரடி, கதவு, ரோடு, பெயர், லைன், நான் மறைத்தது, எல்லாம். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. முடித்தபோது வரிசையில் யாரோ, "கூண்டு வெச்சாங்களாங்க?" என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். அதிகாரி கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதி, "திரும்ப அனுப்பறேன். இந்தத் தடவ உங்க ஆளுங்க வாயத் தெறக்காம இருந்தாலே போதும்" என்றார்.

ஏட்டையா நாள் சொல்லிவிட்டு மறுபடி வந்த அன்று மனைவி லீவு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் லீவு. வேறு நாலு பேரும் லீவு. தோட்டத்தில் வேலை வாங்குகிற மேஸ்திரி என்ன திருவிழா என்று கேட்டாராம். பைக் சத்தம் கேட்டதுமே, "இவங்கதானுங்க சார், இவங்கதானுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள், அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள். மனைவியை முன்னால் தள்ளிவிட்டார்கள். பச்சைப்பயறு சுண்டல், உருளைக்கிழங்கு போண்டா, இரண்டு வீட்டுக் காப்பி. கையெழுத்துக்கு இரண்டு சாட்சி போதும் என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கடைசி வீட்டுத் தாத்தா மூன்றாவதாகக் கையெழுத்துப் போட இடம் கேட்டார்.

கப்பலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தபால்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தார். லைன் முழுக்க அது கை மாறியது. போட்டோவில் கோபமாக இருக்கிறாள் என்றார்கள். மகள் அதற்குள் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, விசாவுக்கு எழுதி, அனுமதி வந்த காகிதத்தை மூன்று பிரதி எடுத்து வைக்கச் சொன்னாள். மூன்றையும் மனைவி மூன்று பையில் வைத்தாள். ஒரு பை தொலைந்தாலும் போக வேண்டுமாம்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கட்டடத்துக்குள் வரிசை, அது முடிந்து இன்னொரு வரிசை. சோதனை, முத்திரை. முத்திரை குத்தியவரிடம் மனைவி, "கொஞ்சம் நல்லாப் பதியிற மாதிரிக் குத்துங்க சார்" என்றாள். அவர் முத்திரை விழுந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பதிந்திருக்கிறது என்று நிரூபித்தார். ஒரு நீளமான பாலத்தின் வழியாக நடந்து போனோம். இரண்டு பக்கமும் மூடியிருந்ததால் கடலே தெரியவில்லை. பாலம் முடிந்த இடத்தில் ஜமுக்காளம் விரித்த பெரிய கூடம். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் நின்று எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் இறங்கும்போது தருவார்களாம்.

மனைவி கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இது வாங்கறதுக்கு என்ன பாடு பட்டோம்னு தெரியுமாம்மா உனக்கு?"

"எல்லாருக்கும் இதுதாங்க அம்மா வழக்கம். பத்திரமா இருக்கும்."

"அப்ப ஒரு சீட்டுக் குடு. கொழுந்து நிறுத்தாக்கூடச் சீட்டுத் தர்றாங்க."

அப்படிச் சீட்டு எதுவும் கிடையாது என்றாள் அந்தப் பெண். மகள் வேண்டாம்மா, வேண்டாம்மா என்றாள். வரிசை பின்னால் நீண்டது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன். அன்று முன்னால் போய், "ஒரு துண்டுக் காகிதம் போதுங்க, கையில எழுதிக் குடுத்திருங்க" என்றேன். அந்தப் பெண் மேலே ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, கடைசியில் கப்பல் படம் போட்ட காகிதத்தில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி அதைப் படித்து, எண் சரிதானா என்று மகளிடம் சரிபார்த்து, மடித்துப் பர்சில் வைத்தாள். பிறகுதான் நிம்மதியாக நிமிர்ந்து கேட்டாள்.

"சரி, கப்பல் எப்பக் கெளம்பும்?"

மேஜைக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்தாள். "கெளம்பிக் கால் மணி நேரம் ஆச்சுங்க அம்மா."

மனைவி ஒரு கணம் தன் காலைப் பார்த்தாள். தரை அசையவே இல்லை. பிறகு கூடத்தின் கோடியில் இருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடல் நகர்வதைப் பார்த்து, ஐம்பதை நெருங்குகிற அந்தப் பெண்பிள்ளை, பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.