வசந்தி கொண்டுவந்த கசற்

வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் நான் இலக்கியம் படிப்பிக்கிறேன். இன்று வகுப்பில் ஒரு சிறுகதையை வாசித்துக்கொண்டிருந்த மாணவி இடையில் விம்மி அழுதாள். அந்தச் சத்தம் என்னை எங்கள் பழைய வாவிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுப்பில் இறால் அவியும் மணத்துக்குள் பாயில் குப்புறக் கிடந்து, தாயை இழந்த ஒரு சிறுமியின் கதையை அழுதழுது வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வசந்தி வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தார்.

“அக்கா, அம்மா கசற்ல பேசி அனுப்பியிருக்கா. உங்கட றேடியோவில ஒருக்காப் போடுவீங்களா?”

“கதை முடியப்போகுது. நாளைக்கு வா.”

“ஏன் அழுறீங்க?”

“இந்தப் பிள்ளைக்கு அம்மா இல்ல, பாவம்.”

அவள் கசற்றை நெஞ்சோடு பிடித்தபடி திரும்பி நடந்தாள்.

மறுநாள் நானே தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. விடியவே சித்தி வந்து அவளைக் கிரானுக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். அந்தக் குரலை அவள் கேட்டாளா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொறி மிஸ், கதை அப்பிடி” என்றாள். கதைக்காக அழுவது நல்ல மனசு என்றுதான் வழமையாகச் சொல்வேன். இன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.