ஜாமு மருந்தில்லை

என் அக்கா துமினாவுக்குக் கையிலிருந்து முதுகு வரை சொரியாசிஸ். எங்கள் ஊர் கிளாத்தனில் கல்யாணம் என்றால் தெருப் பெண்கள் கூடித்தான் சமைப்போம். அக்கா போனால் மட்டும் உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பார்கள், காய் நறுக்க விட மாட்டார்கள். அந்த உபசாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் மகள் லாரஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முந்தின நாள் பெற்றவர்கள் பூத்தண்ணீர் ஊற்றிப் பெண்ணைக் குளிப்பாட்ட வேண்டும். அப்பன் இல்லாத வீடு, அக்காதான் ஊற்ற வேண்டும். ஊரே பார்க்கும்போது செதில் உதிராத கையால் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

களிம்பு மட்டும் போதாது என்று டாக்டரம்மா இரண்டு வைத்தியத்தைச் சேர்த்தார். வாரம் ஒருநாள் மாத்திரை, நடுநடுவே தோலில் ஒளி பாய்ச்சும் பெட்டிக்குள் நிற்க வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அக்கா இல்லை என்பாள்.

தினமும் காலையில் லாரஸ் அவளுக்கு ஜாமு என்கிற மூலிகைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வலி பறந்துவிடும், தோல் மினுங்கும் என்று சந்தையில் விற்ற பொடி. அக்கா பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் காபி மாதிரிதான் ஜாமு, அதை யார் மருந்து என்பார்கள்?

கை தேறியது. ஆனால் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது வாயெல்லாம் புண், கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா என்னைக் குடைந்து கேட்ட பிறகுதான் ஜாமுப் பேச்சே வந்தது. பாக்கெட்டை வாங்கிச் சோதித்தார்கள். எந்தப் பாவியோ அதில் வலிமாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறான். இது சேர்ந்ததால் வார மாத்திரை உடம்பை விட்டு வெளியேறாமல் விஷமாகிவிட்டது என்றார்.

அக்காவிடம் சொன்னேன். வாயைத் திறக்கவே முடியாதவள் கஷ்டப்பட்டுப் பேசினாள்.

"லாரஸ்கிட்ட சொல்லிடாதடி. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு."

தண்ணீர் ஊற்றும் நாள் வருவதற்குள் போய்விட்டாள். கல்யாணம் தள்ளிப்போனது. ஏழாம் நாள் துஆ ஓதி முடிந்து எல்லோரும் சோற்றுப் பொதியோடு கிளம்பிய பிறகு, லாரஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, நான் காலைல மட்டும்தானே ஜாமு குடுத்தேன். சாயங்காலமும் குடுத்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களோ?"

எனக்கு வாய் அடங்காது என்று ஊருக்கே தெரியும்.

"நீ ஒரு குறையும் வைக்கலம்மா" என்றேன்.