சிவப்புப் பேனா ரசிகர்

“...டிஸ்கோவெல்லாம் பாட்டில்ல மனே, தகரத்தில தடியால அடிக்கிற சத்தம். எழுபதுகளோட ரொக் இசை செத்துப்போச்சு.”

சொன்னவர் புளியந்தீவில் பாட்டுக் கசற் பதிந்து தரும் கடைக்காரர். தோள்வரை முடி, உச்சியில் வழுக்கை. நாம் கொடுக்கும் பட்டியலில் தனக்குப் பிடிக்காத பாட்டுகளைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, தனக்குப் பிடித்த கிற்றார்ப் பாட்டுகளைப் பதிந்து தருவார். கசற் நம்முடையது, காது அவருடையது.

சுனாமிக்கு அடுத்த மாதம் தங்கச்சியின் பட்டியலோடு போனேன். எல்லாம் எண்பதுகளின் டிஸ்கோ. பேனாவை எடுத்தார்.

“வெட்டாதீங்க அண்ணன். பெரியகல்லாற்றில வீட்டோட அவள்ற கசற் எல்லாத்தையும் கடல் கொண்டுபோயிட்டு. முகாமில ஒருத்தரோடயும் கதைக்கிறாளில்ல. நேற்றுத்தான் வாய் திறந்து இதைக் கேட்டாள்.”

பேனாவை மூடினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினார். மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரம் வந்தது. உள்ளே முழுக்க டிஸ்கோ கசற்றுகள், ஒவ்வொன்றிலும் அவருடைய அழகான கையெழுத்து.

“இங்கதான் பதிஞ்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத.”

முதல் பாட்டைப் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வரியும் பிசகாமல் கூடவே பாடினார்.