அடுப்படிக்கு வந்த தீர்மான நோட்டு

பஞ்சாயத்து மெம்பர் வேலைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்தால் இன்னும் நல்லது என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. யாராவது விரலால் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுப் பழகியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும்.

என்னை எடுத்த விதம்

ராசா காலத்தில் எங்கள் ஊர் வழக்குகளை அம்பலகாரர் பார்த்தார். நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. பிறகு பஞ்சாயத்து வந்தது, ஓட்டு வந்தது, அதே அம்பலகாரர் பிரசிடெண்டு ஆனார். புதிதாக வந்தது என்று கையைக் காட்டிச் சொல்ல ஐந்து மடக்கு நாற்காலிகள் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில், பெண் யாரும் ஜெயிக்காவிட்டால் மெம்பர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஜெயிப்பது இருக்கட்டும், பெண் யாரும் நிற்கவே இல்லை. கிளார்க் அருளப்பன் வந்து என் பேரை எழுதிவிட்டதாகச் சொன்னார். கன்னியர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு ஒன்றும் தெரியாதே என்று பதறினேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "அது தெரிஞ்சுதாங்கம்மா அஞ்சு பேரும் ஒரே மனசா ஒங்கள எடுத்திருக்காக."

மாவுக் கையும் மசிக் கையும்

கூட்டத்துக்கு நான் போனதில்லை. கூட்டம்தான் என்னிடம் வந்தது. மாதம் ஒருமுறை அருளப்பன் தீர்மான நோட்டோடு கொல்லைப்பக்கம் வந்து குரல் கொடுப்பார். மாவுக் கையைத் துடைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் 'சூசையம்மாள்' என்று எழுதுவேன். அவர் மோர் குடித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் என் மகள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். தெருவிளக்குத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் என்று என் பேர் இருந்தது. தேதியைப் பார்த்தவள் விரல்விட்டு எண்ணினாள். அன்றைக்கு நான் அவளோடு புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தேன், அவளுக்குத் தலைப்பிரசவம். "ஏம்மா, நான் வலியில கத்திக்கிட்டுக் கெடந்தப்ப நீ தெருவெளக்கையா வழிமொழிஞ்சுக்கிட்டு இருந்த?"

நகர்ந்த கிணறு

கீழத்தெருவுக்குக் கிணறு கிடையாது. அந்தப் பெண்கள் ஊருணிக்கு ஒரு மைல் நடப்பார்கள். சித்திரையில் அதுவும் வற்றி, சேற்றை வடிகட்டிக் குடிப்பார்கள். அவர்களுக்கு என்று சர்க்கார் கிணறு மஞ்சூராகி வந்திருந்தது. களையெடுக்க வரும் செல்லாயி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோண்டும் நாளை என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் கிணறு தோண்ட முளைக்குச்சி அடித்தார்கள். கீழத்தெருவில் அல்ல, மேலத்தெருவில், பிரசிடெண்டின் தென்னந்தோப்பு வேலியோரம். அங்கே கீழத்தெருக்காரர்கள் இறைக்கலாம் என்று சட்டம் சொல்லும், வேலிக்காரர் விடமாட்டார். இடத்தை மாற்றும் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகியிருந்தது. செல்லாயி வாசலில் நின்று சத்தம் போடவில்லை. "எங்க தெருக் கெணத்த அங்கிட்டு மாத்தச் சொன்னது நீங்கதானாமே ஆத்தா? நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பாவசங்கீர்த்தனம்

சனிக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு, இல்லாத இடத்தில் இருந்ததாக எத்தனையோ மாதம் கையெழுத்துப் போட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். சடைத்துக்கொள்ளாமல் கேட்டார். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். அப்போ கிணறு, சாமி, என்றேன். எங்களுக்கு நடுவிலிருந்த தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "பாவத்தை மன்னிக்க எனக்கு அதிகாரம் உண்டும்மா; தீர்மானத்தை ரத்துப் பண்ண இல்லை."

நேரில் போன கூட்டம்

மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லி மாதாவை வேண்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குத்தகைக்கு உழுதது பிரசிடெண்டின் நிலம். நாற்காலி ஐந்துதான். கதவோரம் நின்றேன்.

"ஏம்மா இம்புட்டுத் தூரம்? நோட்டுத்தான் வீடு தேடி வருதே," என்றார் பிரசிடெண்டு.

"அந்த நோட்டுக்குத்தாங்க வந்தேன். கெணத்த மாத்துன அன்னிக்கு நான் இங்க இல்லைன்னு அதுல ஒரு வரி எழுதணுங்க."

"அப்படி எழுத எடமில்லைங்கம்மா," என்றார் அருளப்பன்.

"ஓரத்துல இருக்குங்களே."

மூலையில் இருந்த மெம்பர் சிரித்தார். "அப்ப என்னையும் எழுதுப்பா. நான் அன்னிக்குப் பொன்னமராவதியில மாடு பாத்துக்கிட்டு இருந்தேன்." இன்னொருவர் தானும் கல்யாணத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், பிரசிடெண்டைத் தவிர. இத்தனை பேர் வரவில்லை என்றால் அந்தக் கூட்டமே செல்லாது, வியாழக்கிழமையோ நோட்டைத் தணிக்கை பார்க்க ஆபீசர் வர இருந்தார். அவர் கேட்டால் என்ன சொல்வீங்க என்று பிரசிடெண்டு என்னைக் கேட்டார். இல்லைன்னுதாங்க சொல்லணும், வேற சொல்லத் தெரியாது என்றேன்.

பழைய இடத்துக்கே கிணறு என்று புதுத் தீர்மானம் எழுதினார்கள். முழுக்கப் படித்துவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது பிரசிடெண்டு மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது: "அடுத்த தடவ வாயாடியாப் பாத்து எடுங்கப்பா, அதுககிட்டப் பேசியாவது தப்பிச்சுக்கலாம்."

கீழத்தெருத் தண்ணீர்

ஆடியில் குத்தகை நிலம் எங்களிடமிருந்து போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு கேட்டார். அதற்குள் கீழத்தெருவில் ஊற்றுக் கண்டுவிட்டது. செல்லாயி ஒரு செம்பில் மொண்டு வந்து கொடுத்தாள். குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: "உப்புத்தான் ஆத்தா. அதுக்காக ஒரு மைலு நடக்கச் சொல்லிராதீக."

மெம்பராக இருந்த காலம் முழுவதும் நான் ஊருக்குச் செய்த ஒரே காரியம் நானே செய்ததை மாற்றியதுதான் என்பதால், அதைச் சேவை என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.