பூட்டச் சொன்னவள்

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் பூங்காவைப் பூட்டி வைக்கச் சொல்லி மனு எழுதியது நான்தான். பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

கடைவீதியைச் சுற்றிக் கொஞ்ச வருடங்களில் வீடுகள் மேலே மேலே எழும்பிவிட்டன. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், எங்களைப் போல ஓட்டு வீட்டை விற்றுவிட்டு மாடிக்கு வந்தவர்கள் என்று ஜனம் பெருகிவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரு பூங்காதான். அதிலும் பாதியை, இங்கே சாராயம் மலிவு என்று மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சறுக்குமரத்தின் அடியில் பாட்டில் உடைந்து கிடக்கும்.

பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் குடியிருப்போர் கூட்டம் போட்டோம். மனு எழுத ஆள் தேடியபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்கக் கரும்பலகையில் எழுதிய கை ஆயிற்றே. நடைபாதை, விளக்கு, கழிப்பறை என்று கேட்டுவிட்டு, கடைசியில் நானாகவே சேர்த்தேன்: ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி, காலையும் மாலையும் தவிர மற்ற நேரம் பூட்டு. வாசித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது என் கணவர் தன் காலில் நடந்துகொண்டிருந்தார்.

பூங்கா வேலை நடந்துகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிள்ளை பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் மூச்சு முட்டியது. அதை யாரிடம் சொல்வது? வருகிறவர்கள், "ஒங்கள மாதிரி யாரு பாப்பா" என்று பாராட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பிசியோதெரபி செய்கிற பெண் வருவாள். அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது. பூங்காவோ காலை ஒன்பதுக்குப் பூட்டினால் மாலை நாலுக்குத்தான் திறக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒரு மாதம் பால்கனியில் நின்று பார்த்து வயிறெரிந்தேன். பிறகு ஒருநாள் வெட்கத்தை விட்டுக் காவல்காரரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதானம்மா" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "சரி, உள்ள போயி ஒக்காருங்க. தொறந்து வச்சா இன்னும் நாலு பேரு வந்துருவான். பூட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். துடைக்க எதுவும் இல்லை, தூக்க யாரும் இல்லை. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோதுதான் நேரம் உறைத்து எழுந்தேன். கேட்டில் பூட்டு தொங்கியது. காவல்காரரைக் காணவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பிசியோதெரபிப் பெண் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவள், கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருப்பாள். மாடியில் அவர் தனியாக.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் காலிக் கூடையோடு அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"என்னங்கம்மா, உள்ள மாட்டிக்கிட்டீங்களா? டீக்கடையில போயி சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா. வந்துருவாரு" என்றேன்.

அவள் போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். காவல்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து திறந்தபோது மணி ஒன்றை நெருங்கியிருந்தது. அதுவரைக்கும் நான் ஒரு குரல் கொடுக்கவில்லை.

வீட்டில் படுக்கை நனைந்திருந்தது. அவர் அழுது ஓய்ந்திருந்தார். விரிப்பை மாற்றிக்கொண்டே சொன்னேன்: "பூட்டிட்டுப் போய்ட்டாருங்க. கத்திக் கத்திப் பாத்தேன். ரோட்டுல ஒரு ஆளு இல்ல."

அவர் நம்பினார். இடது கையை மெல்லத் தூக்கி, பாவம் நான் தவித்துப் போய்விட்டேன் என்று, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.