மருமகனின் கார், மாமாவின் டயர்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வருகிறேன் – வாசலில் நின்ற கார் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. இடது முன் டயரில் காற்று இல்லை. குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு ஸ்குரூ ஆணி, தலை மட்டும் தெரிய, ஆழமாகப் புதைந்திருந்தது.

வேறு நாளென்றால் ‘ஆறுதலாகப் பார்ப்போம்’ என்று தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன். ஆனால் அடுத்த நாள் காலை மகள் சப்னாவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நிறைமாதம். முதல் பிள்ளை. பிள்ளை திரும்பாமல் இருக்கிறது, ஒப்பரேஷன்தான் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதில் டயர் வேறு!

மருமகன் றிஸ்வானும் நானும் சில்லைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் ஆணியைப் பிடுங்கினார். உஸ்ஸ்... என்று மிச்சக் காற்றும் போனது. என் உயிரும் கொஞ்சம் சேர்ந்து போனது.

“நடுவுல எண்டா கண்ண மூடிட்டு ஒட்டிருவன். இது ஓரமா இரிக்கி. ஒட்டினா நிக்கும்... நிக்காமலும் போகும். புதுசு போடுறெண்டாலும் போடலாம். மாமாவும் மருமகனும் கதைச்சிட்டுச் சொல்லுங்க” என்றார்.

மாமாவும் மருமகனும் கதைப்பதா? அங்கேதான் வில்லங்கம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவருக்கு நடக்கும் மரியாதை இருக்கிறதே... கோழிக் கறியில் நல்ல துண்டு அவருக்கு. ஃபேனுக்கு நேரே உள்ள கதிரை அவருக்கு. அவர் ஒன்று சொன்னால், பெண்ணைப் பெற்றவர்கள் மறுத்துப் பேச மாட்டோம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை – மாமா, மாமிக்கு முன்னால் ‘எனக்கு இது வேணும்’ என்று வாய் திறக்கவே மாட்டார்.

அந்தக் கார் என்னுடையதாக இருந்தது. கல்யாணத்தின்போது மருமகனுக்குக் கொடுத்தேன். இப்போது சொல்லுங்கள், அந்த டயர் யாருடைய டயர்?

“என்ன செய்வம் மருமகன்?” என்று கேட்டேன்.

“உங்கட விருப்பம் மாமா.”

“இல்ல மகன், கார் உங்கட. நீங்க சொல்லுங்க.”

“நீங்க எத்தின வருசம் ஓடின வாகனம்... உங்களுக்குத் தெரியாததா?”

என் மனசு முழுக்கப் புது டயர்தான். ஆனால் அதை எப்படிச் சொல்வது? கொடுத்த காருக்கு இன்னும் நாட்டாமை பண்ணுகிறான் மாமா என்று நினைத்துவிட்டால்? ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். “ஒட்டினாலும் பரவாயில்ல போல...” என்று இழுத்தேன். அவர் உடனே ‘வேணாம் மாமா, புதுசு போடுவம்’ என்பார் என்று நம்பித்தான் இழுத்தேன்.

“ஓம் மாமா. ஒட்டினாப் போதும்” என்றார் மருமகன்.

ஒட்டியாயிற்று.

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மனைவி மெதுவாகக் கேட்டாள். “இஞ்சேருங்க, புள்ளத்தாச்சி போற வாகனம். புதுசு ஒண்டு போட்டா என்ன?”

“மருமகன் ஒட்டினாப் போதும் எண்டுட்டார்கா.”

“அவரா சொன்ன? அப்ப... நாம என்னத்தக் கதைக்கிற?” என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். பேசாமல் ஒரு வேன் பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிடிக்கலாம். மருமகன் கையில் கார் இருக்க வாடகை வேன் பிடித்தால் அதைவிட ஒரு அவமானம் அவருக்கு வேண்டுமா?

அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்தால், மருமகன் டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் துள்ளி எழும்பினார்.

“செருப்பத் தேடினன் மாமா.”

செருப்பு அவர் காலில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், நான் ஏன் வீட்டுக்குள் போகாமல் நேரே டயரடிக்கு வந்தேன் என்று அவர் கேட்டிருப்பாரே!

பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டோம். மருமகன் ஓட்டினார். பின்னால் சப்னாவும் அவளுடைய உம்மாவும். முன்னால் இடது பக்கம் நான் – அதாவது அந்த டயருக்கு நேர் மேலே. காலுக்குக் கீழே அது சுற்றுவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எதிரே பஸ் வந்தபோதெல்லாம் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு விடிந்த பிறகும் எல்லாம் பேயாகத்தான் தெரிந்தது. நடு ரோட்டில் இது வெடித்தால்? அந்த நேரம் பார்த்துச் சப்னாவுக்கு வலி வந்தால்? யா அல்லாஹ், என் மகளைக் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மருதமுனையில் மருமகன் காரை ஓரம் கட்டினார். “தண்ணிப் போத்தல் ஒண்டு வாங்குவம்.” இறங்கியவர் கடைக்குப் போகிற வழியில் டயரை ஒரு பார்வை பார்த்தார். பெரியகல்லாற்றில் நான் நிற்பாட்டச் சொன்னேன். “கால் விறைச்சிப் போச்சு மகன்.” இறங்கி, விறைத்த காலாலேயே டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட போகும்போது ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. மருமகன் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். கார் தானாகவே ஓரத்துக்குப் போனது மாதிரிப் போய் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தோம். டயர் பாதி அமுங்கியிருந்தது.

“இப்ப என்னத்த வாங்கப் போறீங்க?” என்று பின்னாலிருந்து சப்னாவின் குரல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். “ஒளிச்சு ஒளிச்சு அந்த டயரத்தானே பாக்குறீங்க? நேத்தே புதுசு போட்டா என்ன?”

“எனக்குப் போடத்தான் விருப்பம்” என்றார் மருமகன், டயரைப் பார்த்துக்கொண்டே. “மாமா ஒட்டுவம் எண்டார்...”

“நானா? நீங்கதானே ஓம் எண்டீங்க!”

“நீங்க தந்த காருக்கு நான் குறை சொன்ன மாதிரி இரிக்கும் எண்டு...”

“உங்கட காருல நான் தலையிட்ட மாதிரி இரிக்கும் எண்டுதானே நானும்...”

சப்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர். “நல்ல மரியாத! ரெண்டு பேருட மரியாதையும் சேந்து என்னையும் என்ட புள்ளையையும் ஓட்ட டயர்ல ஏத்தி வந்திரிக்கி. எனக்குப் பயமா இரிக்கி வாப்பா.”

அந்த ஒரு சொல்லில் நான் செத்துப்போனேன். அவளை விட நான் பயந்திருந்தேன், அவளுடைய புருஷன் அதைவிடப் பயந்திருந்தார். மூன்று பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல என்ன கேடு எங்களுக்கு?

ஸ்பெயார் சில்லு, ஒட்டிய டயருக்கே காக்கா, அதாவது அண்ணன். அதைப் பூட்டி, ஊர்ந்து ஊர்ந்து டவுனுக்குள் போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்றோம். கடைக்காரர் “ஒட்டுறதா, புதுசா?” என்று கேட்டு முடிக்கவில்லை. “புதுசு!” என்று மாமனும் மருமகனும் ஒன்றாகக் கத்தினோம்.

அல்லாஹ்வுடைய உதவியால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் மதியம் லுஹர் நேரம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதன் காதில் முதலில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்ல வேண்டும்.

“நீங்க சொல்லுங்க மாமா” என்றார் மருமகன்.

“இல்ல மகன், வாப்பா நீங்கதானே...” என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டேன். கட்டிலில் கிடந்தபடியே சப்னா ஒரு பார்வை பார்த்தாள். அரைக் கண்தான். போதும்.

தொண்டையைச் செருமினேன். “உண்மையச் சொன்னா மகன்... எனக்குச் சொல்ல ஆசையா இரிக்கி” என்றேன்.

“எனக்கும் ஆசதான் மாமா” என்றார். கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து, தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கிவிட்டது.

வலது காதில் அவர் பாங்கு சொன்னார். இடது காதில் நான் இகாமத் சொன்னேன். பிள்ளை கொட்டாவி விட்டது.

பெயர் என்ன வைத்தோம் என்று கேட்கிறீர்களா? அதைச் சப்னாவே வைத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேரிடமும் கேட்கவேயில்லை!